காது எட்டினால் போதுமா?

பள்ளிக்கூடம் போகப் பிள்ளை தயாரா? வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்!

"வலது கையைத் தலைக்கு மேலே தூக்கு. இடது காதைத் தொடு!"

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு நடந்த முதல் பரீட்சை இதுதான். விரல் காதைத் தொட்டுவிட்டால் பதிவேட்டில் பெயர் ஏறும். தொடாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிக்கிட்டு வாங்க" என்று பதில் வரும்.

சில பிள்ளைகள் தலையைச் சாய்த்து, தோளை உயர்த்தி, எப்படியாவது தொட்டுவிடுவார்கள். அவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள்!

அந்தக் காலத்தில் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. "பெரிய மழை பெய்த வருஷம் பிறந்தான்" என்பார் அப்பா. "அதற்கு அடுத்த வருஷம்" என்பார் பாட்டி. தலைமை ஆசிரியர் இருவர் சொல்லையும் கேட்டுவிட்டு, பள்ளிக்கு ஏற்றபடி ஒரு தேதியை எழுதிக்கொள்வார். இன்றும் பல தாத்தாக்களுக்கு இரண்டு பிறந்த நாள் இருப்பது இதனால்தான். ஒன்று அம்மா பெற்ற நாள். இன்னொன்று வாத்தியார் போட்ட நாள்!

கை ஏன் எட்டுகிறது?

காதைத் தொடும் இந்தச் சோதனை நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் இதே வழக்கம் உண்டு.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. பிறந்த குழந்தையின் உடம்பில் நாலில் ஒரு பங்கு தலைதான். கைகள் குட்டை. வளர வளரக் கையும் காலும் நீளுகின்றன. தலை அந்த வேகத்தில் வளருவதில்லை. அதனால் ஏறக்குறைய 6, 7 வயதில் கை தலையைச் சுற்றி வந்து மறு காதைத் தொட்டுவிடுகிறது.

ஆனால் இது எலும்பின் கணக்கு. அறிவின் கணக்கு அல்ல.

சத்தான உணவு கிடைக்காமல் வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு, வயது நிறைந்தும் கை எட்டாமல் போகலாம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பசித்த பிள்ளையைப் பார்த்து "உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை" என்று சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காதைத் தொடச் சொன்னார்களே தவிர, அந்தக் காது கேட்கிறதா என்று பார்க்கவில்லை!

உப்பளக் கரையில்

புதுச்சேரியை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம் வரும். அதைத் தாண்டினால் சின்ன முதலியார்சாவடி. அடுத்தது பெரிய முதலியார்சாவடி. ஒரு பக்கம் கடல். மறு பக்கம், சற்று உள்ளே ஆரோவில். அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் உப்புப் பாத்திகள்.

இந்தக் கரையில் பள்ளிக்கூட வயது என்பது வெறும் வயதுக் கணக்கு அல்ல. அது வயிற்றுப்பாட்டோடு சேர்ந்தது.

உப்பு விளைவது வெயில் காலத்தில். ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து, வடகிழக்குப் பருவமழை வரும் வரை வேலை நடக்கும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அளத்தில் வேலை மும்முரம். வெயில் ஏறுவதற்குள் உப்பை வார வேண்டும் என்பதால் விடியுமுன்பே புறப்படுகிறார்கள். மீன் பிடிக்கும் வீடுகளிலும் விடியற்காலைதான் வேலை நேரம்.

வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது. யார் பார்த்துக்கொள்வது? பாட்டி இருந்தால் சரி. இல்லாவிட்டால், "அக்காவோடு சேர்ந்து இவனும் பள்ளிக்கூடம் போகட்டும்" என்று தோன்றுவது இயற்கை. தாயைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நாலு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அவனால் நெடுநேரம் ஓர் இடத்தில் உட்கார முடியாது. எழுத வராது. பக்கத்தில் இருப்பவன் எழுதுவான். இவன் முழிப்பான். ஆறு மாதத்தில் அவனுக்கு "மக்கு" என்று பெயர் வந்துவிடும். அவன் மக்கு அல்ல. ஒரு வருஷம் முன்னால் வந்துவிட்டான், அவ்வளவுதான்!

ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குள் 11 மாத வித்தியாசம் இருக்கலாம். நாற்பது வயதுக்காரருக்கு 11 மாதம் ஒரு பொருட்டல்ல. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

எது சரியான வயது?

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இங்கிலாந்தில் 5 வயதிலேயே கட்டாயக் கல்வி தொடங்கிவிடுகிறது. பின்லாந்தில் 7 வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை 6 வயது என்கிறது. தமிழ்நாட்டில் 5 வயது முடிந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது வழக்கம்.

ஆக, வயது ஒரு வாசற்படி. அதற்கு அப்பால் பார்க்க வேண்டியது பிள்ளையை. அதற்குப் பெரிய பரீட்சை எதுவும் வேண்டாம். வீட்டு வேலையிலும் தெரு விளையாட்டிலுமே எல்லாம் தெரிந்துவிடும்.

"கடைக்குப் போய் உப்பும் மிளகாயும் வாங்கி வா" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டையும் நினைவில் வைத்து வாங்கி வருகிறதா? பள்ளியில் ஆசிரியர் சொல்வதைக் கேட்டுச் செய்ய இந்த நினைவு வேண்டும்.

பாண்டி விளையாட்டில் ஒற்றைக் காலில் தத்துகிறதா? 5 வயதுப் பிள்ளை பெரும்பாலும் தத்தும்.

சிலேட்டில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் 3 வயதுப் பிள்ளை அதைப் பார்த்துப் போடும். கூட்டல் குறி போட 4 வயது ஆகும். முக்கோணம் போட 5 வயது ஆகும். மூன்று கோட்டை மூன்று முனையில் சேர்ப்பது லேசான காரியம் அல்ல!

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. 5 வயதிலும் அவற்றில் சில முழுதும் எலும்பாகாமல் குருத்தாகவே இருக்கின்றன. அப்படி இருக்க, 3 வயதுப் பிள்ளையின் கையில் பல்பத்தைத் திணித்து, பக்கம் பக்கமாக "அ" எழுத வைப்பது கொடுமை. மண்ணில் விரலால் கோடு கிழிப்பதும், கோலப் புள்ளியைத் தொட்டுத் தொட்டு விளையாடுவதும், பூ கோர்ப்பதும்தான் அந்தக் கைக்கு ஏற்ற வேலை.

கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைப் பெரியது, சிறியது என்று பிரிக்கிறதா? நெத்திலி தனி, சங்கரா தனி என்று கூறு கட்டுகிறதா? இதுதான் கணக்கின் ஆரம்பம். "முதலில் பாத்தியில் தண்ணீர் விடுவார்கள், அப்புறம் வெயில் காயும், அப்புறம் உப்பு வரும்" என்று வரிசையாகச் சொல்கிறதா? கதை கேட்கவும் வாசிக்கவும் வேண்டிய புத்தி அது. "ஒன்று, இரண்டு" என்று நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் "ஐந்து கிளிஞ்சல் எடுத்துத் தா" என்று கேட்டால் சில சமயம் கை நிறைய அள்ளித் தரும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு.

தானாகச் சாப்பிடுகிறதா? பொத்தான் போடுகிறதா? ஒன்றுக்கு வந்தால் சொல்கிறதா? தாயை விட்டுச் சிறிது நேரம் இருக்கிறதா? புதியவர்களுக்குப் புரியும்படி பேசுகிறதா? "அ, ஆ" தெரிவதைவிட இவை முக்கியம்.

இவற்றில் ஒன்றிரண்டு வராவிட்டால் பயப்பட வேண்டாம். பிள்ளைக்குப் பிள்ளை வேகம் வேறு. பல விஷயங்களில் பின்தங்கினால் மட்டும் யோசிக்க வேண்டும்.

பரீட்சை எதற்கு?

1905-ல் பிரான்ஸ் நாட்டில் ஆல்பிரட் பினே என்பவர், தியோடர் சிமோன் என்பவருடன் சேர்ந்து குழந்தைகளின் அறிவை அளக்கும் சோதனை ஒன்றை வெளியிட்டார். பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்குக் கூடுதல் உதவி செய்யத்தான் அவர் அதைச் செய்தார். பிற்காலத்தில் அது பல இடங்களில் பிள்ளைகளை ஒதுக்கும் கருவியாகிவிட்டது. கத்தி ஒன்றுதான். மருத்துவர் கையிலும் இருக்கலாம், திருடன் கையிலும் இருக்கலாம்.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டிச் சேர்க்கக் கூடாது என்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரை. 14-ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது.

எனவே, "பிள்ளை தயாராக இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட எந்தப் பள்ளிக்கும் உரிமை இல்லை. பார்த்துத் தெரிந்துகொள்வது சேர்ப்பதற்காக, தள்ளுவதற்காக அல்ல.

நடுவில் ஒரு வீடு

நாலு வயதுப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு வேண்டாம் என்றால், எங்கே போகும்?

அதற்குத்தான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ந்தேதி, காந்தி பிறந்த நாளில், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1-ந்தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இந்தச் சிறு குழந்தைகளுக்கும் சோறு போட்டது. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளிகளின் வளாகத்தில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கின.

பலர் அங்கன்வாடியை முட்டை கிடைக்கும் இடம் என்றே நினைக்கிறார்கள். அங்கே பாட்டு உண்டு, கதை உண்டு, மரத்துண்டுகளை அடுக்கும் விளையாட்டு உண்டு. அந்த விளையாட்டுத்தான் படிப்பு. இத்தாலியைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சிறு பிள்ளை கையால் தொட்டு, எடுத்து, வைத்துத்தான் கற்கிறது என்பது அவர் சொன்ன விஷயம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அளத்துக்குப் போகும் தாய் விடியுமுன் புறப்படுகிறாள். அங்கன்வாடி அப்போது திறந்திருப்பதில்லை. அந்த இடைவெளியை அண்டை வீடும், அக்காவும்தான் அடைக்கிறார்கள். தம்பியைப் பார்க்க அக்காள் பள்ளிக்குத் தாமதமாகப் போனால், ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை படிப்பை விடுகிறது. உப்பு விளையும் மாதங்களிலாவது இந்தக் கரையில் மையங்களைச் சீக்கிரம் திறந்தால் என்ன?

பள்ளி தயாரா?

கேள்வியைத் திருப்பியும் போட வேண்டும். பிள்ளை பள்ளிக்குத் தயாரா என்கிறோம். பள்ளி பிள்ளைக்குத் தயாரா?

அசாம், ராஜஸ்தான், தெலுங்கானா ஆகிய மாநிலங்களில் சுமார் 14,000 குழந்தைகளை 4 வயது முதல் 8 வயது வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. பள்ளிக்கு வரும் 5 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, பாடத்திட்டம் எதிர்பார்க்கும் தயார்நிலை இல்லை என்பது அதில் தெரிந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தாத பாடம் என்றால், தவறு பிள்ளைகளிடமா? பாடத்திடமா?

தமிழ்நாட்டில் 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலிருந்து ஆடல் பாடலோடு சொல்லிக்கொடுப்பது அதன் முறை. மெதுவாக வரும் பிள்ளைக்கும் வகுப்பில் இடம் உண்டு என்பதே இதன் பொருள்.

காதும் கண்ணும்

பள்ளியில் சேர்க்கும் முன் தாய்மார் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளையின் பின்னால் நின்று மெல்லிய குரலில் பெயரைச் சொல்லுங்கள். திரும்பவில்லையா? மறுபடியும் சொல்லுங்கள். காதில் அடிக்கடி சீழ் வடிகிறதா? டி.வி. பெட்டிக்கு மிக அருகில் போய் உட்காருகிறதா? கண் ஓரமாகப் பார்க்கிறதா? காது மந்தமான பிள்ளையும், பார்வை மங்கிய பிள்ளையும் வகுப்பில் "கவனிக்காத பிள்ளை" என்று அடி வாங்குவது பழைய கதை.

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. அந்தக் குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளையைத் தவறாமல் அனுப்ப வேண்டும். அளத்து வேலையில் அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்கி, தாயும் கூடப் போனால் இன்னும் நல்லது. "எத்தனை வயதில் நடந்தான், எப்போது பேசினான்" என்று மருத்துவர் கேட்டால் பதில் சொல்லத் தாயால்தான் முடியும்.

5 வயது முடிந்ததும் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.