கத்திரி வெயிலில் மீன் எங்கே போகிறது?

டீ சொல்லியாச்சு, உட்காருங்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் தூண்டில் பிடிக்கிறவர்கள் சித்திரை பாதி ஆனதும் ஒரே புலம்பலாகப் புலம்புவார்கள். “தை, மாசியில் கொத்துக் கொத்தாக எடுத்த ஏரிதான், இப்போது ஒரு கடி கூட இல்லை.” வெயில்தான் காரணம் என்பார்கள். அது பாதி பதில். மே மாத ஏரியில் மீனின் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்வது அதன் மூச்சு. அதைப் புரிந்துகொண்டால் எப்போது போவது, எங்கே நிற்பது, எவ்வளவு ஆழத்தில் தூண்டில் விடுவது என்று மூன்றுக்கும் பதில் வந்துவிடும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீன் செவுளால் எடுக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் வாயு தங்காது. வெயிலில் கிடந்த கோலி சோடாவை உடைத்தால் பாதி பொங்கி வெளியே போய்விடுமே, அதே சங்கதி. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூடத் தேறாது. இதில் இன்னொரு சிக்கல்: சுற்றியிருக்கும் தண்ணீரின் சூடுதான் மீனின் உடல் சூடும். சூடு ஏறினால் உடம்பு வேகமாக ஓடும், ஆக்சிஜனும் அதிகம் கேட்கும். கிடைப்பது குறைகிற நேரம் பார்த்துத் தேவை கூடுகிறது.

அடுத்து, தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். நம் பக்கத்து ஏரிகள் பல கோடையில் பச்சைப் பசேலென்று இருக்கும். அது நுண்பாசி. பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடும். இருட்டிவிட்டால் ஆக்சிஜனை விடாது, எடுக்க மட்டும் செய்யும். ராத்திரி முழுக்கப் பாசி, மீன், சேற்றில் மட்கும் குப்பை எல்லாம் சேர்ந்து இருப்பதைக் காலி செய்துவிடும். ஆக, ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியற்காலை. ‘வெயிலுக்கு முன்னால் போய்விடு’ என்ற பழைய யோசனை தெளிந்த தண்ணீருக்குப் பொருந்தும். பச்சைத் தண்ணீரில் பலிக்காது. ஐந்தரை மணிக்குக் கரையில் நின்று பார்த்தால் தெரியும். மேல்மட்டத்தில் மீன்கள் வாயை வட்டமாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். வாய்க்கு நேராக மாவு உருண்டையைப் போட்டாலும் சீண்டாது. மூச்சுக்கே தடுமாறும்போது சாப்பாடு எதற்கு? ஏழு மணிவரை பொறுங்கள். வெயில் பட்டுப் பாசி வேலையைத் தொடங்கியதும் வாய்கள் கீழே இறங்கும். அதிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை நல்ல நேரம்.

பிறகு எங்கே நிற்பது? இங்கே நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிவதால், பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம். ஆழமும் கரையையும் மதகையும் ஒட்டித்தான். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. கோடையில் அது எவ்வளவோ இறங்கிவிடும், 2019 கோடையில் கிட்டத்தட்ட வறண்டே போனது. தண்ணீர் சுருங்கும்போது மீன் ஆழத்தைத் தேடி வருவது உண்மைதான். ஆனால் அடிமட்டத்துக்குப் போகாது. அடியில் சேறு அழுகும், மேல்தண்ணீர் அங்கே கலக்காது, ஆக்சிஜன் இருக்காது. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில், மிர்கால் அடியில். இது மற்ற மாதங்களின் கணக்கு. கத்திரியில் மிர்காலும் மேலே ஏறிவிடும். அதனால் பெரிய ஈயம் கட்டித் தரையில் உட்கார வைக்காதீர்கள். தக்கையை ஏற்றி, முள் மூன்று நான்கு அடியில் தொங்கும்படி விடுங்கள். அரை மணி நேரம் அசைவில்லை என்றால் இடத்தை மாற்றுமுன் தக்கையை ஒரு அடி நகர்த்திப் பாருங்கள்.

மதியத்துக்கு மேல் கடற்காற்று. மெரினாவில் நண்பகலை ஒட்டி ஏறும் காற்று ஆவடியைத் தொட இரண்டு, மூன்று மணி ஆகும். சில நாள் வராமலே போகும். வந்தால் கிழக்கிலிருந்து மேற்கே அலையைத் தள்ளும். அலை மோதுகிற பக்கத்தில் காற்று தண்ணீரில் கலக்கும், மிதக்கும் இரையும் அங்கேயே ஒதுங்கும். எனவே காலையில் ஆழமான கரை, நாலு மணிக்கு மேல் அலை அடிக்கிற எதிர்ப்பக்கம். வாய்க்கால் தண்ணீர் விழுகிற இடம் இருந்தால் அது எந்த நேரத்துக்கும் ஆகும்.

இந்தக் கணக்குக்கெல்லாம் அடங்காதது விரால். தலைக்குள் காற்றை வைத்துக்கொள்ள அதற்குத் தனி அறை உண்டு. மேலே வந்து நேராகக் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஆம்பல் இலைகளுக்கு நடுவே ‘ப்ளக்’ என்று சத்தம் கேட்டு ஒரு வளையம் விரிந்தால் அதுதான். ரப்பர் தவளையை வளையத்தின் மேலேயே போடாமல், அதைத் தாண்டி எறிந்து இலைமேல் தத்தித் தத்தி இழுத்து வாருங்கள். கவ்வியதும் உடனே சுண்டினால் வாயிலிருந்து நழுவும். தூண்டில் நரம்பு இறுகும்வரை ஒரு நொடி விடுங்கள். செம்மஞ்சள் குஞ்சுகள் திரளாக மேலே கொதிப்பதுபோல் தெரிந்தால் மட்டும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தாயும் தகப்பனும் அடியில் காவல் இருக்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சு மொத்தமும் மற்ற மீனுக்கு இரை.

புதிதாகக் கற்பவருக்கு ஜிலேபிக் கெண்டை போதும். 1952-இல் இந்தியாவுக்குள் வந்த இந்த ஆப்பிரிக்க மீன் குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும். சின்ன முள், மண்புழுத் துண்டு, மெல்லிய நரம்பு. ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் திரும்ப ஏரியில் விடாதீர்கள். அது தடை செய்யப்பட்ட இனம்.

தூண்டிலை எடுக்குமுன் ஏரி யாருடையது என்று விசாரியுங்கள். பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரர் சம்மதம் வேண்டும். செம்பரம்பாக்கமும் புழலும் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள், அங்கே அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. அப்படிப்பட்ட தண்ணீரில் பிடித்ததைக் குழம்பில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கோடைமழை பெய்த மறுநாள் கவனம். மழை சாக்கடையையும் குப்பையையும் ஏரிக்குள் அடித்துவரும். மேகமூட்டத்தில் பாசியும் சரியாக வேலை செய்யாது. எட்டு, ஒன்பது மணி தாண்டியும் மீன்கள் வாயைத் திறந்தபடி மேலேயே நின்றால் அந்த ஏரி ஆபத்தில் இருக்கிறது, இன்னும் சில மணி நேரத்தில் கூட்டமாகச் செத்து மிதக்கலாம். அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் குத்தகைக்காரருக்கோ மீன்வளத்துறைக்கோ ஒரு போன் போடுங்கள். கரையில் நிற்கும் தூண்டில்காரர் கண்ணுக்குத்தான் அது முதலில் படும்.