வாச்சாத்தி ஆலமரம்

தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம். சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர் வாச்சாத்தி.

1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தனர். மக்களை இந்த மரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணற்றில் எண்ணெய் ஊற்றப்பட்டது, தானியத்தில் கண்ணாடித் தூள் கலக்கப்பட்டது.

அன்றைய அரசு குற்றச்சாட்டை மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் துணையோடு இப்பெண்கள் பின்வாங்காமல் சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் அப்போது உயிருடன் இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

வாச்சாத்தி மக்கள் வெறும் வருத்தச் சொற்களைக் கேட்டுப் போராடவில்லை. தண்டனையையும் இழப்பீட்டையும் கேட்டார்கள்.

அன்று பாதிக்கப்பட்டவர்களில் பலர் இவ்வூரில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களின் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள்.