நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப் பின் கசியும் நிணநீர்

உணவுக்குழாய் அல்லது நுரையீரல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களில் சிலருக்கு, சில நாட்கள் கழித்து, நெஞ்சில் பொருத்தப்பட்ட வடிகுழாயில் பால் நிறத்தில் நீர் வடிவதுண்டு. பார்ப்பவர்கள் சீழ் என்று அஞ்சக்கூடும். ஆனால் அது நிணநீராக இருக்கலாம். கைலோதொராக்ஸ் எனப்படும் இந்தச் சிக்கல் நூற்றில் ஒரு சிலருக்கே ஏற்படுகிறது. இருந்தபோதிலும், கவனிக்கத் தவறினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாம் உண்ணும் கொழுப்பின் பெரும்பகுதி குடலிலிருந்து நேரடியாக இரத்தத்தில் சேர்வதில்லை. அது நிணநீரில் கலந்து, முதுகெலும்பை ஒட்டி நெஞ்சின் ஊடாக மேலேறும் மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக இடது கழுத்தடியில் இரத்தத்தை அடைகிறது. நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கும் அதிகமான நிணநீர் இதில் ஓடக்கூடும்.

இந்த நாளங்கள் குறித்த ஆய்வில் லண்டனுக்கும் பங்குண்டு. பறவைகளுக்கும் மீன்களுக்கும் நிணநீர் நாளங்கள் உண்டு என்று 18ஆம் நூற்றாண்டில் விளக்கிய வில்லியம் ஹியூசன், இந்நகரின் கிரேவன் தெருவில் உடற்கூற்றியல் கற்பித்தவர். பிணத்தை அறுத்து ஆராய்கையில் ஏற்பட்ட காயத்தில் நஞ்சேறி, 1774இல் அவர் இறந்தார்.

உணவுக்குழாய்க்குப் பின்புறமாகவே இக்குழாய் செல்வதால், கட்டியை அகற்றும்போது அது சேதமடைய வாய்ப்புண்டு. நோயாளி உண்ணாதிருக்கும் முதல் நாட்களில் கசிவு தெளிவாகத் தெரியாது. மீண்டும் உணவு தொடங்கியதும் நீர் வெண்மையாகி, அளவும் கூடுகிறது. அதில் ட்ரைகிளிசரைட் கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அது நிணநீரே என்று பெரும்பாலும் உறுதியாகிறது. அதனுடன் புரதமும் நோயெதிர்ப்பு அணுக்களும் வெளியேறுவதால் உடல் விரைவாக நலிகிறது.

இங்குதான் குடும்பத்தினரின் அன்பே இடையூறாகிவிடலாம். தெம்பு வரட்டும் என்று வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் பால், நெய், தேங்காய்ப்பால் சேர்த்த கறி ஆகியவை கசிவை அதிகரிக்கும். நிணநீர் வழியே செல்லாத தனிவகைக் கொழுப்பு அடங்கிய உணவையே மருத்துவமனைகள் தருகின்றன. சாதாரணத் தேங்காய் எண்ணெய் அதற்கு மாற்றாகாது.

உணவுக் கட்டுப்பாடு பலனளிக்காவிட்டால், இரத்தநாளம் வழியே ஊட்டச்சத்து செலுத்தப்படுகிறது. தேவையெனில் குழாய் அடைக்கப்படுகிறது. கசியும் குழாயைக் கட்டி அடைத்து வெற்றிகண்டதை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் லாம்ப்சன் 1948இல் அறிவிக்கும் முன்னர், இச்சிக்கலுக்கு உள்ளானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தனர். இப்போது பெரிய அறுவையின்றி, ஊசி வழியே நுண்குழாயைச் செலுத்தியும் அடைக்க முடிகிறது. அதன்பின் நிணநீர் வேறு கிளைகள் வழியே தன் பாதையைத் தேடிக்கொள்கிறது.

ஆகவே, வடியும் நீரின் நிறம் மாறினாலோ, வீடு திரும்பியபின் மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ தாமதமின்றி மருத்துவர்களிடம் தெரிவிப்பது அவசியம். உணவு கொண்டுசெல்வோர், முதலில் தாதியரிடம் கேட்டுக்கொள்வது நலம்.