கரன்ட் போனாலும் ஃபில்டர் காபி... கார்ட்லெஸ் கிரைண்டர் வாங்கப் போறீங்களா?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தப்போ, திருத்துறைப்பூண்டி பக்கம் பல நாள் கரன்ட் இல்லை. மிக்ஸி ஓடாத வீட்டில் காபிக்கொட்டை இருந்து என்ன பயன்? அங்கேதான் கார்ட்லெஸ் கிரைண்டர் கைகொடுக்கும்.

வாங்கும்போது முதல் கேள்வி: உள்ளே இருப்பது பிளேடா, பர்ரா? பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும்; பாதி மாவு, பாதி நொய். மாவு ஃபில்டர் துளையை அடைக்கும், நொய்யில் டிகாக்‌ஷன் தண்ணியா இறங்கும். பர், நம்ம திருகை மாதிரி சீராக அரைக்கும். அரவையை மாற்றும் வசதியும் இருக்கணும்.

சிக்கரியை உள்ளே போடாதீங்க. தூளா வாங்கி கடைசியில் கலந்துக்கோங்க.

பயணத்துக்கு, பவர் பேங்கிலேயே சார்ஜ் ஏறும் டைப்-சி மாடல் வசதி. ஆனா, புயல் நாளில் பவர் பேங்கும் தீர்ந்துடும். அதனால டெல்டா வீடுகளுக்கு என் சாய்ஸ், கையால் சுற்றும் பர் கிரைண்டர்தான். அதுக்கும் வயர் கிடையாதே!