கல்லீரலைச் சுண்டிப் பார்க்கும் கருவி

பெயர்தான் கல்லீரல், நலமான கல்லீரல் அழுத்தினால் அமுங்கிக் கொடுக்கும். மதுவோ, ஹெபடைடிஸ் வைரஸோ, சேர்ந்துபோன கொழுப்போ அதை ஆண்டுக்கணக்கில் புண்படுத்தும்போது, புண் ஆறும் இடமெல்லாம் தழும்பு நார் படிகிறது. நார் சேரச் சேர ஈரல் நிஜமாகவே கல்லாகிறது. முற்றிய நிலையைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள்.

எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அறிய, நெடுங்காலம் ஊசிதான் கதி. விலா எலும்புகளுக்கு நடுவே குத்தித் துணுக்கை எடுக்கும் பயாப்ஸி. வலிக்கும், சிலருக்கு உள்ளே ரத்தம் கசியும். இத்தனைக்கும் அந்தத் துணுக்கு முழு ஈரலில் சுமார் 50,000-இல் ஒரு பங்குதான். நாரோ எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிவதில்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸிலிருந்து வந்தது ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி மல்லாந்து படுத்தால், விலா இடுக்கில் ஒரு முனையை வைப்பார்கள். விரலால் சுண்டியது போல் ஓர் அதிர்வு, அவ்வளவுதான் தெரியும். அந்த அதிர்வு ஈரலுக்குள் அலையாக ஓடுகிறது. துணி காயப்போடும் கொடியைச் சுண்டிப் பாருங்கள்: தொய்ந்த கொடியில் அலை மெதுவாக நகரும், இழுத்துக் கட்டியதில் விருட்டென்று ஓடும். ஈரலிலும் அப்படியே. அதே முனையிலிருந்து கிளம்பும் அல்ட்ராசவுண்ட் அந்த அலையைத் துரத்திச் சென்று வேகத்தை அளக்கிறது. நொடிக்கு 1.3 மீட்டர் என்றால் விறைப்பு 5 கிலோபாஸ்கல், நலமான ஈரலின் அளவு. 2 மீட்டர் என்றால் 12; மருத்துவர் முகத்தில் கவலை வந்துவிடும். வேகம் இரட்டித்தால் விறைப்பு நான்கு மடங்கு. இப்படிப் பத்து முறை அளந்து, வரிசையின் நடு அளவை எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணைப் பார்த்ததும் பதறுகிறவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தழும்பு மட்டுமே ஈரலை விறைக்க வைப்பதில்லை. சாப்பிட்டவுடன் ஈரலுக்கு வரும் ரத்தம் பெருகினாலும் எண் ஏறும். அதனால்தான் மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்கச் சொல்கிறார்கள். ஹெபடைடிஸ் தீவிரமாகி ஈரல் வீங்கியிருக்கும்போதும், இதயம் தளர்ந்து ரத்தம் தேங்கும்போதும் ஏறும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அலை உள்ளேயே போகாது. அப்படி நீர் கோத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. வழியாக இதே அதிர்வைப் படம் பிடிக்கும் முறை உண்டு. செலவு கூடுதல், ஆனால் ஈரலின் பெரும்பகுதியையும் காட்டிவிடும்.

மாத்திரையால் ஹெபடைடிஸ் சி குணமானவர்களிடம் இந்த எண் மெல்ல இறங்குவதைப் பார்க்க முடிகிறது. ஊசி மட்டுமே இருந்திருந்தால், உடல் தேறிவரும் ஒருவரை மறுபடி மறுபடி குத்தி அதைத் தெரிந்துகொள்ள யாருக்கு மனம் வரும்?