விட்டதைப் பிடிக்க முடியுமா?



இந்தப் பகுதியில் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, டிங்கிக் காய்ச்சல் என்று படித்துப் பழகியிருப்பீர்கள். இந்த முறை நாம் எடுத்துக்கொள்வது காய்ச்சலும் அல்ல, புண்ணும் அல்ல. ஆனால் அது தூக்கத்தைக் கெடுக்கும், வயிற்றைக் கெடுக்கும், குடும்பத்தையும் கெடுக்கும். சூதாட்டத்தில் தொடர்ந்து தோற்கும்போது மனிதனுக்கு என்ன நேர்கிறது, அதிலிருந்து எப்படி மீள்வது என்பதே விஷயம்.

ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன்னே பெரட்டுக்கு வந்து நிற்கிறார். கண் சிவந்திருக்கிறது. இரவு இரண்டு மணி வரை கைபேசியில் போக்கர் சீட்டு. மூன்று வாரமாகத் தோல்விதான்.

"என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து நிரைக்காரர் கேட்கிறார்.

"ஒண்ணுமில்ல தம்பி, நேரம் சரியில்ல. இவ்வளவு நாளு விட்டாச்சு, இனிமே வந்துதானே ஆவணும்?"

அவர் சொன்ன பதிலிலேயே நோய் முழுவதும் அடங்கியிருக்கிறது. 'நேரம் சரியில்லை' என்பது ஒரு தவறு. 'இனிமேல் வந்துதான் ஆகவேண்டும்' என்பது அதைவிடப் பெரிய தவறு. ஏன் என்று பார்ப்போம்.

மரம் துளிர்க்கும், நம்பர் துளிர்க்காது

நம் தொழிலில் கெட்ட காலம் உண்டு. விடாமல் மழை பெய்தால் வெட்டு இல்லை. இலை கொட்டும் மாதங்களில் கித்தா மரம் பால் சுருங்கும். ஆனால் மழை விடும், மரம் துளிர்க்கும், பால் திரும்ப வரும். 'பொறுத்திருந்தால் நல்ல காலம் வரும்' என்பது நம் பாட்டன் காலத்திலிருந்து காடு நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். வேலையில் அந்தப் பாடம் உண்மை.

அதே பாடத்தைச் சூதாட்டத்துக்குக் கொண்டுபோவதுதான் ஆபத்து. மரத்துக்கு உயிர் இருக்கிறது. ஓய்வு கொடுத்தால் தேறும். குலுக்குகிற உருண்டைக்கோ, கலைக்கிற சீட்டுக்கோ நேற்று நடந்தது தெரியாது. நீங்கள் நூறு தடவை தோற்றீர்கள் என்பது அதற்கு நினைவில் இல்லை. நூற்றொன்றாம் தடவையும் அது முதல் தடவை மாதிரியேதான்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு பத்துக் காசு நாணயத்தை நூறு தடவை சுண்டி, விழுந்த பக்கத்தைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ஐந்து தடவை தொடர்ந்து ஒரே பக்கம் விழுவதை அநேகமாகப் பார்ப்பீர்கள். யாரும் மந்திரம் போடவில்லை, யாருக்கும் கெட்ட நேரமும் இல்லை. குருட்டாம்போக்கில் நடக்கும் எதிலும் இப்படி வரிசை வரிசையாக விழுவது இயற்கை. ஐந்து தடவை ஒரே பக்கம் விழுந்த பிறகும் அடுத்த தடவைக்குப் பாதிக்குப் பாதிதான்.

1913-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையில் சுழலும் சக்கரத்தில் 26 தடவை தொடர்ந்து கறுப்பு விழுந்தது. 'இனி சிவப்புதான்' என்று ஒவ்வொரு தடவையும் பணத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தவர்கள் ஏராளமாக இழந்தார்கள். சீமான்களும் நம் தோழர் மாதிரியே ஏமாந்தார்கள்.

நாலு நம்பர் கணக்கு

நாலு நம்பர் ஆட்டம் 1951-இல் நம் கெடாவிலே, ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் சைக்கிளைப் பரிசாக வைத்து நடத்திய குலுக்கலிலிருந்து வளர்ந்தது என்பார்கள். அந்த ஆட்டத்தின் கணக்கு சின்னக் கணக்குதான்.

0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 நம்பர். ஒரு குலுக்கலில் 23 நம்பருக்குப் பரிசு. சட்டப்படி நடக்கும் ஆட்டத்தில் 'பிக்' வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அடுத்த பத்து நம்பருக்குத் தலா 180 வெள்ளி, கடைசிப் பத்து நம்பருக்குத் தலா 60 வெள்ளி. எல்லா நம்பரையும் ஒரே ஆள் ஒவ்வொரு வெள்ளிக்கு வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 வெள்ளி கொடுத்திருப்பார். கைக்குத் திரும்புவது 6,400 வெள்ளி. அதாவது, வெள்ளிக்கு 64 காசு. மீதி 36 காசு போனது போனதுதான்.

புதன், சனி, ஞாயிறு என்று வாரம் மூன்று குலுக்கல். வருடத்துக்கு 156. ஒரே நம்பரை விடாமல் வருடம் முழுவதும் எடுக்கும் நூறு பேரில் சுமார் எழுபது பேருக்கு 60 வெள்ளிகூட விழாது. வருடம் முழுக்க வெறுங்கை என்பது துரதிர்ஷ்டம் அல்ல, அதுதான் சாதாரணம்! கனவில் வந்த நம்பர், விபத்தில் நசுங்கிய கார் நம்பர் எதுவானாலும் கணக்கு இதேதான்.

4735-க்குப் பரிசு விழுந்து, உங்கள் கையில் 4736 இருந்தால் "அடடா, ஒண்ணுல போச்சே!" என்று மனம் துடிக்கும். உண்மையில் 4736-ம் தோல்வி, 0012-ம் தோல்வி. ஆனால் மூளை இந்த 'மயிரிழைத் தோல்வி'யைப் பாதி வெற்றியாக எடுத்துக்கொண்டு, மறுபடியும் கட்டச் சொல்கிறது.

கைபேசி ஆட்டம் இன்னும் மோசம்

2023 தொடக்கத்தில் மாநில அரசு உரிமத்தைப் புதுப்பிக்காததால் கெடாவில் நம்பர் கடைகள் மூடப்பட்டன. ஆனால் கைபேசிக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. நம்பருக்கு வாரம் மூன்று நாள்தான். கைபேசியில் ஒரு நிமிடத்துக்குப் பல தடவை தோற்கலாம். கள்ள ஆட்டத்தில் எந்திரம் நேர்மையாக ஓடுகிறதா என்று பார்க்க யாரும் இல்லை. ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் புகார் கொடுக்கவும் இடம் இல்லை.

"போக்கர் அப்படி இல்ல, அது மூளையால ஆடுறது" என்று சிலர் சொல்வார்கள். போக்கரில் திறமைக்கு இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் மேசை நடத்துகிறவன் ஆட்டத்துக்கு ஆட்டம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறான். எனவே மேசையில் உள்ள எல்லாருடைய பணமும் சேர்ந்து குறைந்துகொண்டே போகும். நன்றாக ஆடுகிறவனுக்கும் சீட்டு விழாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தோல்வி வரும். அதனால் தோற்கிறவனுக்குத் தான் திறமைசாலியா இல்லையா என்பதே சீக்கிரத்தில் தெரியாது. 'நான் கெட்டிக்காரன், சீட்டுதான் சரியில்லை' என்று நினைத்துக்கொண்டே சம்பளத்தைத் தொலைக்கலாம்.

சிலர் தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைப்பார்கள். 5 வெள்ளியில் ஆரம்பித்து 10, 20, 40 என்று போனால், ஏழு தடவை தொடர்ந்து தோற்றதும் 635 வெள்ளி போயிருக்கும். ஒன்பதாவது தோல்வியில் 2,555 வெள்ளி! 2025 பிப்ரவரியில் வந்த அடிப்படைச் சம்பளமோ மாதம் 1,700 வெள்ளி. இவ்வளவும் எதற்காக? ஜெயித்திருந்தால் கிடைப்பது அந்த முதல் 5 வெள்ளி லாபம்தான்.

கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தருமர் முதல் ஆட்டத்தில் எழுந்திருந்தால் பாரதப் போரே இல்லை. அவரைக் கெடுத்தது தோல்வி மட்டும் அல்ல. விட்டதைப் பிடிக்க நினைத்த நினைப்பும்தான்.

எப்போது இது நோய்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சூதாட்டக் கோளாறு, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இது வெறும் கெட்ட புத்தி அல்ல. வைத்தியம் உள்ள கோளாறு. கீழே உள்ளவற்றில் சில உங்களிடம் இருந்தால் கவனியுங்கள்:

தோற்ற பணத்தைப் பிடிக்க மறுநாளே திரும்பப் போவது. தொகையைக் கூட்டிக்கொண்டே போவது. நிறுத்த முயன்றால் எரிச்சலும் படபடப்பும் வருவது. மனைவி, பிள்ளைகளிடம் பொய் சொல்வது. ஆட்டத்துக்காகக் கடன் வாங்குவது, நகையை அடகு வைப்பது. கவலை வந்தால் அதை மறக்க ஆடுவது.

உடம்பும் காட்டிக் கொடுக்கும். தூக்கம் போகும், தலைவலி வரும், பசி எடுக்காது, இரத்தக் கொதிப்பு ஏறும். இரவெல்லாம் விழித்தவன் கையில் உளி தடுமாறும். செம்பனைக் குலை அறுக்கிறவனுக்கு அண்ணாந்து பார்க்கும்போது தலை சுற்றும். விடியற்காலை மோட்டார் சைக்கிளில் கண் சொருகும்.

தோற்றவர் செய்ய வேண்டியது

முதலாவது, போன பணம் போய்விட்டது என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். சொல்வதற்குக் கசப்பாக இருக்கும். ஆனால் இதுதான் மருந்தின் முதல் வேளை. அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கும் வழி ஆட்டத்தில் இல்லை. வேலையிலும் சிக்கனத்திலும்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஒரு 555 புத்தகம் வாங்கி, ஆடிய தேதி, போட்ட காசு, வந்த காசு என்று நினைவில் உள்ளவரை எழுதுங்கள். ஜெயித்தது மனதில் நிற்கும், தோற்றது மறந்து போகும். புத்தகம் மறக்காது.

மூன்றாவது, வழியை அடையுங்கள். ஆட்டத்தைக் கைபேசியிலிருந்து அழித்துவிடுங்கள். சம்பள நாளில் ஏ.டி.எம். கார்டை வீட்டுக்காரியிடமோ தாயாரிடமோ கொடுத்துவிடுங்கள். ஆடத் தோன்றும்போது அரை மணி நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள். அந்த வேகம் கொஞ்ச நேரத்தில் தணியும்.

நான்காவது, நம்பிக்கையான ஒருவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடமும் கூச்சப்படாமல் சொல்லலாம். அவர் போலீஸ்காரர் அல்ல. தேவையானால் சுங்கைப்பட்டாணி அல்லது அலோர்ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்.

ஐந்தாவது, கடனுக்குக் கடன் வாங்காதீர்கள். ஆலோங்கிடம் ஐ.சி.யையும் ஏ.டி.எம். கார்டையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். மிரட்டினால் போலீசில் புகார் செய்யுங்கள். பேங்க் கடனுக்கு, பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. இலவசமாக ஆலோசனை சொல்லி, தவணையைச் சீர்படுத்த உதவும்.

குடும்பத்தார் கவனத்துக்கு

தாய்மார்களே, கத்துவதாலும் சாபம் இடுவதாலும் பயன் இல்லை. அவமானம் கூடினால் மறைப்பதும் கூடும். அதற்காகத் தாலிக்கொடியை விற்று ரகசியமாகக் கடனை அடைத்துக்கொண்டே இருப்பதும் சரியல்ல. சாப்பாட்டையும் பேச்சையும் நிறுத்தாதீர்கள். காசை மட்டும் நிறுத்துங்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் மளிகைக் காசையும் முதலில் ஒதுக்கி, தனியே வையுங்கள்.

முக்கியமான ஒன்று. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று அவர் சொன்னால் சும்மா சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பாரம்தான் இறங்கும். புல் மருந்து, பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்களை 03-76272929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். சுகாதார அமைச்சின் 15555, அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 ஆகியவையும் உண்டு. விபரீதம் ஏதும் நடந்துவிட்டால் உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

தோழர்களே, தொடர்ந்து தோற்றவன் பாவியும் அல்ல, முட்டாளும் அல்ல. அவன் தோற்பதற்கென்றே அமைத்த ஆட்டத்தில் தோற்றவன். அடுத்த தடவை பெரட்டில் கண் சிவந்து நிற்கும் அண்ணனைப் பார்த்தால் "இன்னிக்காச்சும் அடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். "வாண்ணே, ஒரு தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே பேசுவோம்" என்று கூப்பிடுங்கள். விட்ட காசைப் பிடிக்க முடியாது. விட்ட மனிதனைப் பிடிக்கலாம்.