மாட்டுப்பண்ணையில் மக்காவ் பார்க்க

பிரேசிலின் பாந்தனாலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தங்குவது மாட்டுப்பண்ணைகளில்தான். தமிழ்நாட்டைவிடப் பெரிய அந்த வெள்ளச் சமவெளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியார் நிலம். ‘ஃபசெண்டா’ என்று அழைக்கப்படும் பண்ணைகள் சில, மாடு வளர்ப்பை விடாமலே விருந்தினரையும் ஏற்கின்றன. மேய்வது திமில் வைத்த வெள்ளை மாடுகள். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், ஓங்கோல் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன மாடுகளின் வம்சம் அது. அங்கே ‘நெலோரே’ என்பார்கள்.

மாடு இருக்கும் இடத்தில் காட்டுயிர் இருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. பதிலைப் பட்டியின் ஓரத்திலேயே பார்க்கலாம். ஊதாநீல மக்காவ் கிளி அலகு முதல் வால் வரை ஒரு மீட்டர் நீளம். பறக்கும் கிளிகளில் இதைவிட நீளமானது இல்லை. அதன் முக்கிய உணவு அக்குரி என்ற பனைவகையின் கொட்டை. அந்தப் பழத்தை மாடு விழுங்கி, சதையைச் செரித்துக்கொண்டு, கொட்டையை அசைபோடும்போது துப்பிவிடும். இல்லையென்றால் சாணத்தோடு போட்டுவிடும். சதை நீங்கிச் சுத்தமான கொட்டை தரையில் கிடப்பதால் கிளிகள் கூட்டமாகப் பட்டிக்கே இறங்கிவருகின்றன. கொட்டையைக் காலில் பிடித்து, அலகில் திருப்பித் திருப்பி, சுற்றிலும் ஒரே சீராக வெட்டுவதைச் சில அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். அடர்ந்த காட்டுக்குள் இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

அதற்காக மாட்டால் நன்மை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கிளி அங்கே கட்டும் கூடுகளில் மிகப் பெரும்பாலானவை மந்துவி மரப் பொந்துகளில்தான். கிளி நுழையும் அளவு பொந்து விழ மரத்துக்கு அறுபது வயதாவது ஆக வேண்டும். கன்று மரங்களை மாடு மிதித்தும் மேய்ந்தும் விட்டால், நாளைய கூடு இன்றே போய்விடுகிறது. 1980களில் கூண்டுக்கிளி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்து, பாந்தனாலில் ஆயிரத்து ஐந்நூறு அளவில்தான் எஞ்சின. உயிரியலாளர் நெய்வா கெதிஸ் 1990 வாக்கில் தொடங்கிய திட்டத்தில் பண்ணைக்காரர்களும் கைகோத்தார்கள். மரங்களில் கூட்டுப்பெட்டிகள் ஏறின, எண்ணிக்கை மூன்று மடங்கானது. பண்ணையில் இடம் பதிவு செய்யும்முன் மந்துவிக் கன்றுகளுக்கு வேலி உண்டா என்று கேளுங்கள். பண்ணையின் அக்கறையை அதில் தெரிந்துகொள்ளலாம்.

ஜாகுவார் கதை இன்னும் சிக்கலானது. கன்றுக்குட்டியை அடிக்கும் விலங்கைப் பண்ணைக்காரர் சுட்டது ஒரு காலம். 1967இல் சட்டம் வேட்டையைத் தடுத்தும் முற்றிலும் நிற்கவில்லை. வடக்குப் பாந்தனாலில் செய்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கைத் திருப்பிப் போட்டது. ஜாகுவார் பார்க்க வருகிறவர்களால் ஏழு விடுதிகளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 68 லட்சம் டாலர் வருமானம். அதே பகுதியில் அது மாடு அடிப்பதால் வரக்கூடிய நட்டம் 1.2 லட்சம் டாலர் அளவுதான் என்றது. தெற்கே மிராண்டா அருகில் 53,000 ஹெக்டேர் பரப்புள்ள கைமன் பண்ணையில் ‘ஒன்சாஃபாரி’ என்ற அமைப்பு 2011 முதல், ஜாகுவார்களை வண்டிக்குப் பழக்கி வருகிறது. இரை போடுவதில்லை. வண்டியால் ஆபத்தில்லை என்று விலங்குக்குத் தெரியும்வரை பொறுமையாகப் போய்ப் போய் நிற்பதுதான் முறை. அதனால்தான் வண்டியிலிருந்து இறங்காதே, எழுந்து நிற்காதே, கத்தாதே என்று அவ்வளவு கண்டிப்பு. ஒருவர் இறங்கினாலும் பல ஆண்டு உழைப்பு வீணாகலாம்.

மற்றபடி, பண்ணையின் வேலைக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும். மந்தை பாதையை அடைத்தால் வண்டி ஓரமாக நிற்கும். ஹாரன் அடிக்கச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் மாட்டின் முதுகைப் பாருங்கள்: மஞ்சள் வயிற்றுச் சிறு பறவை ஒன்று சவாரி செய்யும், காலடியில் நம் உண்ணிக்கொக்கின் நெருங்கிய உறவு பூச்சி பிடிக்கும். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுவாருங்கள். மேய்ச்சல் திட்டம் அதை நம்பித்தான் நடக்கிறது. கன்றோடு நிற்கும் பசுவை நெருங்காதீர்கள். கூட்டருகே பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம்.

போக நல்ல காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை. வெள்ளம் வடிந்து நீர் குட்டைகளாகச் சுருங்கும். மீன் தேடி நாரைகளும் கெய்மன் முதலைகளும் அங்கே குவியும், மக்காவும் கூடு வைத்திருக்கும். வடக்குப் பகுதிக்குக் குயாபா, தெற்குக்குக் கம்போ கிராண்டே விமான நிலையம். கிளம்பப் பத்து நாளுக்கு முன்பாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேசிலிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள்; இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள்.